மூணு மோஷன் சென்சர், ஒரே ஜோன்: லைட் எரியுது, அலாரம் மட்டும் அடிக்க மாட்டேங்குது

செந்தூல்காரன் | புதன், இரவு 11.52

வணக்கம் எல்லாருக்கும். ரொம்ப நாளா இங்க வந்து படிச்சிட்டு மட்டும் போவேன், இன்னிக்கு தான் எழுதுறேன், தப்பா இருந்தா திட்டாதீங்க.

தைப்பூசத்துக்கு குடும்பத்தோட பத்துமலை போனோம், வீட்ட பூட்டி அலாரம் போட்டுட்டு. என் தம்பி கால் வலிக்குதுன்னு நடு ராத்திரியே திரும்பிட்டான், அவன்கிட்ட பின்வாசல் சாவி மட்டும் தான் இருந்துச்சு, அலாரம் கோட் தெரியாது, பின்வாசல்ல கதவு தொறந்தா சொல்ற காந்த சென்சரும் கிடையாது. உள்ள வந்து கிச்சன்ல லைட் போட்டு, மைலோ கலக்கி, மாடிக்கு போய் தலகாணி எடுத்துட்டு வந்து, ஹால்ல டிவி பாத்துட்டே சோபாவுல தூங்கிட்டான். நாங்க காலைல 6 மணிக்கு வந்து முன்கதவ தொறந்தா அப்ப கீபேட் டீ டீ டீன்னு எண்ண ஆரம்பிக்குது. அதாவது ராத்திரி பூரா அலாரம் ஆன்ல தான் இருந்திருக்கு! ஒரு ஆள் வீடு பூரா நடந்திருக்கான், மூணு சென்சர் இருக்கு, ஒண்ணு கூட வாய தொறக்கல. அம்மா சொல்றாங்க, "உன் தம்பின்னு அதுக்கு தெரிஞ்சிருக்கும்பா"ன்னு.

விவரம் சொல்றேன். ரெண்டு மாடி வரிசை வீடு, 8 ஜோன் பேனல் (எட்டு சென்சர் வழிய தனித்தனியா மாட்டற அலாரம் பெட்டி), படிக்கு கீழ ஸ்டோர்ல இருக்கு. ஒருத்தர் 4 வருஷத்துக்கு முன்னாடி போட்டுக் கொடுத்தாரு. ஜோன் 1 முன்கதவு, ஜோன் 2 ஸ்லைடிங் டோர், ஜோன் 3ல மூணு மோஷன் சென்சரும் (ஹால், படி, கிச்சன்). நடந்தா மூணுலயும் செவப்பு லைட் மின்னுது, அது நல்லா வேல செய்யுது. பேனல் பெட்டிய தொறந்து பாத்தேன், மூணு சென்சருக்கும் தனித்தனி கேபிள் வந்து, மூணு மஞ்ச வயரும் ஒண்ணா முறுக்கி ஜோன் 3 டெர்மினல்ல போயிருக்கு, மூணு வெள்ள வயரும் ஒண்ணா முறுக்கி ஒரு ரெசிஸ்டர் வழியா காமன்ல (பொது டெர்மினல்ல) போயிருக்கு. ரெசிஸ்டர் கலர் பச்ச, நீலம், செவப்பு. இதுல என்ன கோளாறு?


கெப்போங் மச்சான் | வியாழன், காலை 7.10

உன் தம்பிய வேலைக்கு வெச்சிக்கலாம் பாஸ், எல்லார் வீட்டுக்கும் வந்து டெஸ்ட் பண்ணித் தரட்டும், கூலி ஒரு மைலோ.

சீரியஸா சொல்றேன், வயர் எல்லாம் பழைய கதைலா, ஒயர்லெஸ்க்கு மாறிடு. அர மணி நேர வேல.


ஜெலுத்தோங் வயர்மேன் | வியாழன், காலை 8.35

தம்பி, போட்டோ கூட வேணாம், நீ எழுதினதுலயே கோளாறு தெரியுது. மூணையும் பேரலல்ல போட்டிருக்கான் அந்த மனுஷன்.

சென்சர் உள்ள ஒரு குட்டி ரிலே இருக்கும், சும்மா இருக்கிறப்ப அது மூடி இருக்கும், அதுக்குத் தான் என்சின்னு (நார்மலி குளோஸ்டு) பேரு. ஆள் நடந்தா ரெண்டு மூணு செகண்ட் தொறக்கும். பேனல் என்ன பாக்குதுன்னா அந்த வழி மூடி இருக்கா தொறந்திருக்கான்னு, அவ்வளவு தான். இப்ப மூணு வழியும் பக்கத்து பக்கத்துல இருக்கு, ஹால் சென்சர் தொறந்தாலும் படி சென்சர் வழியா, கிச்சன் சென்சர் வழியா போய்ட்டே இருக்கு. ஒரே தொட்டியில மூணு குழாய் தொறந்து விட்டிருக்கு, ஒண்ண மூடினா தண்ணி நிக்குமா? மூணையும் ஒரே நேரத்துல மூடணும். உன் வீட்டுல அலாரம் அடிக்கணும்னா மூணு திருடன் வந்து, ஒருத்தன் ஹால்லயும் ஒருத்தன் படியிலயும் ஒருத்தன் கிச்சன்லயும் ஒரே செகண்ட்ல ஆடணும்.

லைட் மின்னுறது சென்சர் பாத்துச்சுன்னு தான் அர்த்தம், பேனலுக்கு சேதி போச்சுன்னு அர்த்தம் இல்ல. நெறைய பேர் இங்க தான் ஏமாறுறாங்க, வேல முடிச்சவன் வீட்டுக்காரர கூப்பிட்டு நடக்கச் சொல்லி "பாருங்க அங்கள் லைட் வருது"ன்னு காட்டிட்டு காச வாங்கிட்டுப் போயிடுவான்.


சோல்டர் தம்பி | வியாழன், காலை 9.02

வயர்மேன் அண்ணே சொன்னது சரி. கூட ஒண்ணு: பச்ச நீலம் செவப்புன்னா 5.6 கிலோ ஓம். அத பேனல் பெட்டிக்குள்ள வெச்சிருக்கான், அதுவும் தப்பு. அந்த ரெசிஸ்டர் கடைசி சென்சருக்குள்ள இருக்கணும், அதனால தான் அதுக்கு 'எண்ட் ஆஃப் லைன்'னு பேரே. கடைசியில இருந்தா, நடுவுல எவனாவது வயர வெட்டினா பேனலுக்கு தொறந்த மாதிரி தெரியும், ஆணி அடிச்சு ரெண்டு வயர் ஒட்டிக்கிட்டா 0 ஓம்னு தெரியும், ரெண்டையும் அது கண்டுபிடிச்சிடும். பெட்டிக்குள்ள வெச்சா, வெளிய வயர் ஷார்ட் ஆனாலும் பேனல் 5.6தான் பாக்கும், எல்லாம் நல்லா இருக்குன்னு நெனச்சிக்கும்.

மதிப்பு எல்லா பேனலுக்கும் ஒண்ணு இல்ல. டிஎஸ்சி பவர்சீரிஸ்ல 5.6 கிலோ ஓம், பாரடாக்ஸ்ல 1 கிலோ ஓம், மத்ததுல வேற. மேனுவல் பாத்துட்டு தான் வாங்கணும்.


செந்தூல்காரன் | வியாழன், மதியம் 1.15

ஐயோ 4 வருஷமா வெறும் லைட்ட நம்பி இருந்திருக்கோம். நன்றி அண்ணே. அப்ப மூணையும் சீரியஸ்ல, ஒண்ணுக்கு அப்புறம் ஒண்ணா கோத்துப் போட்டா சரியாயிடும் இல்லையா? லஞ்ச் டைம்ல ஜாலான் பாசார் போய் 5.6 ரெசிஸ்டர் வாங்கிட்டேன், ஒண்ணு ரெண்டு தர மாட்டேன்னுட்டாரு கடைக்கார தவுக்கே, 100 உள்ள பாக்கெட் தான், 5 வெள்ளி (ரிங்கிட்).


அம்பாங் அக்கா | வியாழன், மதியம் 2.40

தம்பி, வயர்ல கை வைக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு சென்சரையும் தனித்தனியா மீட்டர் வெச்சுப் பாரு. நான் என் வீட்டுல நானே போட்டேன், ரெண்டு நாள் வீணாக்கினதுக்கு அப்புறம் தான் இது புரிஞ்சுது. ஜோன் டெர்மினல்ல இருந்து அந்த மஞ்ச-வெள்ள ஜோடியக் கழட்டிடு (சென்சருக்குப் போற 12 வோல்ட் செவப்பு-கறுப்ப கழட்டாத, அது ஆன்ல இருக்கணும்), மீட்டர ஓம்ல வெச்சு அந்த ஜோடியில வை. யாரும் நடக்கலன்னா ரெண்டு மூணு ஓம் காட்டணும், ஆள் நடந்ததும் 'ஓஎல்'னு, அதாவது வழி தொறந்திருக்குன்னு, காட்டணும். வீட்டுல யாரையாவது நடக்க விடு. மூணுக்கும் எழுதி வெச்சிக்க.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பக்கத்து வீட்டுல சொல்லிடு. வெளிய இருக்கற சைரன் உள்ளயே பேட்டரி இருந்தா, நீ பேனல ஆஃப் பண்ணதும் அது தானா கத்தும். எனக்கு ஆச்சு, ஞாயித்துக்கெழம காலைல 8 மணி, பக்கத்து வீட்டு ஆண்டி இன்னும் என்கிட்ட சரியா பேசல.


ஜெலுத்தோங் வயர்மேன் | வியாழன், மாலை 6.05

அக்கா சொன்ன மாதிரியே செய். இன்னொண்ணு. 12 வோல்ட் பக்கம் நீ தாராளமா கை வை, ட்ரான்ஸ்பார்மர் இருக்கற 240 வோல்ட் பக்கம் வேணாம். அதுல பாயிண்ட் மாத்தணும், புதுசா இழுக்கணும்னா சுருஹான்ஜாயா தெனாகாவுல (எரிசக்தி ஆணையத்துல) பதிஞ்ச வயர்மேன கூப்பிடு. நான் என் பொழப்புக்குச் சொல்லல, நான் இருக்கறது பினாங்குல, உன் வீட்டுக்கு வரப் போறதும் இல்ல.

ரெசிஸ்டர் மாத்தும்போது கரண்ட முதல்ல ஆஃப் பண்ணு, அப்புறம் பேட்டரியோட செவப்பு வயர கழட்டு. திரும்பப் போடும்போது பேட்டரி வயர் மாறிடாம பாத்துக்க, மாத்திப் போட்டா ப்யூஸ் போகும், சில போர்டுல போர்டே போகும்.


செந்தூல்காரன் | வியாழன், இரவு 10.48

மீட்டர் வெச்சுப் பாத்துட்டேன், தம்பி தான் நடந்தான், மைலோ கடன் கழிச்சான்.

ஹால்: சும்மா இருந்தா 2 ஓம், நடந்தா ஓஎல். நல்லா இருக்கு.
படி: 2 ஓம், நடந்தா ஓஎல். நல்லா இருக்கு.
கிச்சன்: 3 ஓம், நடந்தாலும் 3 ஓம், ஓடினாலும் 3 ஓம், டான்ஸ் ஆடினாலும் 3 ஓம். லைட் மட்டும் மின்னுது. சென்சர் போயிடுச்சா? புதுசு வாங்கணுமா?


சோல்டர் தம்பி | வியாழன், இரவு 11.03

வாங்காதீங்க அண்ணே! மூடிய கழட்டிப் பாருங்க, கழட்டும்போது மீட்டர் என்ன காட்டுதுன்னும் பாருங்க.


செந்தூல்காரன் | வியாழன், இரவு 11.31

மூடிய கழட்டினதும் ஓஎல்! திரும்ப மூடினா 3 ஓம். என்னடா மந்திரம் இது.


சோல்டர் தம்பி | வியாழன், இரவு 11.38

மந்திரம் இல்ல, டேம்பர். அந்த மஞ்ச-வெள்ள ஜோடிய அலாரம் டெர்மினல்ல போடாம பக்கத்துல இருக்கற டேம்பர் டெர்மினல்ல போட்டிருக்கான். டேம்பர்ங்கறது மூடிய எவனாவது தொறந்தா தொறக்கற சின்ன ஸ்விட்ச், ஆள் நடக்கறதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. சென்சர் உள்ள வரிசையா பாத்தா ப்ளஸ், மைனஸ், அப்புறம் என்சி, காமன், அப்புறம் ரெண்டு டேம்பர்னு எழுதியிருக்கும், கம்பெனிக்கு கம்பெனி வரிசை மாறும். ராத்திரி டயர்ட்ல போடும்போது ரெண்டு ஓட்ட தள்ளிப் போயிருக்கும். ரெண்டு வயரையும் நகத்திடுங்க, வேல முடிஞ்சுது.

யோசிச்சுப் பாருங்க, கிச்சன் வழி என்னிக்குமே தொறக்காது. அப்ப வயர்மேன் அண்ணே சொன்ன மூணு திருடன் வந்து ஆடினாக்கூட உங்க வீட்டு அலாரம் அடிச்சிருக்காது.


கெப்போங் மச்சான் | வெள்ளி, காலை 7.22

ஹாஹா 4 வருஷமா சாமி தான் காப்பாத்தியிருக்கு. இதுக்குத் தான் ஒயர்லெஸ்னு சொன்னேன், தப்பா மாட்ட வயரே இல்ல.


ஜெலுத்தோங் வயர்மேன் | வெள்ளி, காலை 8.10

மச்சான், ஒயர்லெஸ் கெட்டது இல்ல, வாடக வீடு, காண்டோ, செவுத்த ஒடைக்க விடாத எடம், அங்கெல்லாம் அதத் தான் நானும் போடுறேன். ஆனா இந்தப் பையன் வீட்டுல கேபிள் ஏற்கனவே செவுத்துக்குள்ள இருக்கு, ஒவ்வொரு சென்சருக்கும் 6 கோர் (ஆறு வயர்) கேபிள் தனித்தனியா வந்திருக்கு, அதத் தூக்கிப் போட்டுட்டு வருஷா வருஷம் ஏணி ஏறி பேட்டரி மாத்தச் சொல்றியா? பேட்டரி முடியப் போகுதுன்னு கீபேட் சொல்லும், யார் பாக்கறா. அதுவும் மாடிப்படி மேல இருக்கறத.


செந்தூல்காரன் | சனி, பகல் 12.20

அண்ணே காலைல இருந்து வேல பாக்கறேன். கிச்சன் வயர நகத்திட்டேன், இப்ப நடந்தா ஓஎல் வருது. அப்புறம் மூணையும் சீரியஸ்ல கோத்தேன், பெட்டிக்குள்ள இருந்த ரெசிஸ்டர எடுத்துட்டு சென்சருக்கு ஒண்ணா மூணுக்குள்ளயும் புதுசு வெச்சேன். இப்ப என்னடான்னா ஜோன் 3 எப்பவும் தொறந்தே இருக்குன்னு காட்டுது, அலாரமே போட விட மாட்டேங்குது. முன்னாடி அடிக்காம இருந்துச்சு, இப்ப அடங்காம இருக்கு. பசியாறக் கூட இல்ல இன்னும்.


அம்பாங் அக்கா | சனி, பகல் 12.31

தம்பி முதல்ல பசியாறு. 5.6ஐ மூணால பெருக்கு. 16.8 வருதா? பேனல் 5.6ஐ எதிர்பாத்துட்டு இருக்கு, 16.8ஐ பாத்தா தொறந்திருக்குன்னு தான் நெனைக்கும். சீரியஸ்ல எத்தன சென்சர் இருந்தாலும் ரெசிஸ்டர் ஒண்ணு தான், கடைசி சென்சர்ல.


ஜெலுத்தோங் வயர்மேன் | சனி, பகல் 12.50

அக்கா கணக்கு சரி. ஆனா நான் வேற மாதிரி சொல்வேன். தம்பி, உன் பேனல்ல 8 ஜோன் இருக்கு, நீ பயன்படுத்தறது 3. கேபிளும் தனித்தனியா பெட்டிக்கே வந்திருக்கு. எதுக்கு சீரியஸ்? ஹால் ஜோன் 3, படி ஜோன் 4, கிச்சன் ஜோன் 5, ஒவ்வொரு சென்சருக்குள்ளயும் ஒரு ரெசிஸ்டர். நீ இப்ப வெச்ச மூணு ரெசிஸ்டரும் அப்படியே இருக்கட்டும், எடுக்கவே வேணாம். பெட்டிக்குள்ள கோத்த வயர பிரிச்சு தனித்தனி டெர்மினல்ல போடு, அவ்வளவு தான்.

ஏன் சொல்றேன்னா ரெண்டு காரணம். ராத்திரி 3 மணிக்கு அடிச்சா, ஜோன் 3ன்னு மட்டும் சொன்னா எந்த ரூம்னு தெரியாது, நீ கட்டைய எடுத்துட்டு எந்தப் பக்கம் போவ? இன்னொண்ணு, தனித்தனி கேபிள பெட்டியிலயே சீரியஸ் பண்ணினா, ரெசிஸ்டர் கிச்சன்ல மட்டும் தானே இருக்கும், ஹாலுக்குப் போற கேபிள்ல ஆணி எறங்கி ஷார்ட் ஆனா ஹால் சென்சர் செத்த மாதிரி, பேனலுக்கு ஒண்ணும் தெரியாது. சீரியஸ்ங்கறது ஜோன் பத்தலன்னா போடறது. எடம் இருக்கும்போது ஏன் நெருக்கிக்கிட்டு உக்காரணும்.


சோல்டர் தம்பி | சனி, பகல் 1.14

+1 அண்ணே. இன்னும் ஒரு படி மேல போகணும்னா ரெண்டு ரெசிஸ்டர் முறை இருக்கு. ஒரு ரெசிஸ்டர் அதே மாதிரி வழியில, இன்னொண்ணு ரிலே காண்டாக்ட் ரெண்டுக்கும் குறுக்க. சும்மா இருந்தா 5.6, ஆள் நடந்தா 11.2, வயர வெட்டினா தொறந்த மாதிரி, ஷார்ட் பண்ணினா 0. நாலையும் பேனல் தனித்தனியா புரிஞ்சிக்கும், டேம்பரையும் அதே ஜோடியில சேத்துடலாம், அலாரம் ஆஃப்ல இருக்கும்போது எவனாவது வயர்ல கை வெச்சாலும் கத்தும். ஆனா பேனல்ல புரோகிராம்ல அத மாத்தணும், ஜோனுக்கு ஒரு சென்சர் தான் போட முடியும், கதவு காந்தத்துலயும் அப்படியே மாத்தணும். வீட்டுக்கு இது கட்டாயம்னு நான் சொல்ல மாட்டேன். கடைக்குப் போடலாம், பகல்ல நாலு பேர் வந்து போற எடம்.


நைட்ஷிப்ட் ராஜா | சனி, மாலை 4.40

பட்டர்வொர்த்ல இருந்து. நடுவுல நுழையறேன், மன்னிக்கணும். கேபிள் நீளமா இருந்தா வோல்டேஜ் ட்ராப் ஆகி சென்சர் கண்டபடி அடிக்கும்னு கடைக்காரர் சொன்னாரு, தடி வயரா போடச் சொன்னாரு, உண்மையா? எனக்கு கரண்ட் போய் வந்தா எல்லா சென்சரும் சேந்து அடிக்குது.


சோல்டர் தம்பி | சனி, மாலை 5.25

வீட்டு அளவுக்கு ட்ராப் ஒரு விஷயமே இல்ல ராஜா. சாதாரண அலாரம் கேபிள் 0.22 சதுர மில்லிமீட்டர், மீட்டருக்கு 0.08 ஓம் மாதிரி வரும். 30 மீட்டர் தூரம்னா போக வர 60 மீட்டர், அஞ்சு ஓம் கூட இல்ல. சென்சர் இழுக்கறது 15 மில்லிஆம்ப்னு வெச்சிக்க, 0.1 வோல்ட்க்கும் கம்மியாத் தான் எறங்கும். 9 வோல்ட் வரைக்கும் எறங்கினாலும் சென்சர் வேல செய்யும் பெரும்பாலும், டேட்டா ஷீட்ல போட்டிருக்கும். கடைசி சென்சர்ல மீட்டர் வெச்சுப் பாத்து 12க்கு மேல இருந்தா நிம்மதியா இரு. 10, 9ன்னு காட்டினா கேபிள் நீளம் காரணம் இல்ல, சீலிங்ல எங்கயோ முறுக்கி டேப் சுத்தின ஜாயிண்ட் துரு பிடிச்சிருக்கு.

உன் கேஸ் பேட்டரி. எப்ப மாத்தின?


நைட்ஷிப்ட் ராஜா | சனி, மாலை 5.31

மாத்தணுமா???


ஜெலுத்தோங் வயர்மேன் | சனி, மாலை 6.15

கேட்டாரே ஒரு கேள்வி.

பெட்டிக்குள்ள கறுப்பா ஒரு 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி இருக்கும், ஈய பேட்டரி. நம்ம ஊரு சூட்டுக்கு 3 வருஷம், மிஞ்சிப் போனா 4. பேனல் அத எப்பவும் 13.8 வோல்ட் பக்கத்துல சார்ஜ்ல வெச்சிருக்கும், அதனால கரண்ட் இருக்கும்போது மீட்டர் வெச்சா நல்லா இருக்கற மாதிரி தான் தெரியும், ஏமாந்துடாத. கரண்ட ஆஃப் பண்ணி ஒரு மணி நேரம் ஓட விட்டுப் பாரு, அப்ப தெரியும் வண்டவாளம்.

உனக்கு நடக்கறது என்னன்னா, கரண்ட் போச்சு, பேட்டரி செத்துப் போச்சு, சென்சருக்கு சாப்பாடு இல்ல. அந்த ரிலே மூடி இருக்கறதுக்கே கரண்ட் வேணும், சாப்பாடு இல்லன்னா தானா தொறந்துக்கும். வேணும்னு தான் அப்படி செஞ்சிருக்காங்க, பவர் வயர திருடன் வெட்டினாலும் அடிக்கணும்ல. அப்புறம் கரண்ட் வந்தா சென்சர் நிதானத்துக்கு வர அர நிமிஷம், ஒரு நிமிஷம் ஆகும், அதுக்குள்ள பேனல் முழிச்சு முன்ன இருந்த மாதிரியே ஆன்ல நிக்கும், எல்லா ஜோனும் தொறந்திருக்கு, அடிச்சிடுச்சு. நல்ல பேட்டரி இருந்தா கரண்ட் போனதே சென்சருக்குத் தெரியாது. என் வீட்டுல பேனல் கீபேட் சென்சர் எல்லாம் சேந்து 250 மில்லிஆம்ப் இழுக்குது, கணக்குப் படி 28 மணி நேரம் ஓடணும், நான் அதுல பாதிய தான் நம்புவேன்.

இடி மின்னல் ஊரு இது. பேனலோட எர்த் வயர் ஒழுங்கா மாட்டியிருக்கான்னும் பாத்துடு, பாதி பேர் அத வெட்டி விட்டுட்டுப் போயிடறான்.


செந்தூல்காரன் | ஞாயிறு, இரவு 9.05

வேல செய்யுது!!! மூணும் தனித்தனி ஜோன். போட்டவருக்கு போன் பண்ணி இன்ஸ்டாலர் கோட் (பேனல் புரோகிராம மாத்தற ரகசிய நம்பர்) கேட்டேன், முதல்ல "அதெல்லாம் தர்றது இல்லலா"ன்னாரு, தம்பி மைலோ குடிச்ச கதைய சொன்னேன், அஞ்சு நிமிஷத்துல வாட்சாப்ல வந்துடுச்சு. கேட்டுட்டு கோட மாத்திட்டேன். ஜோன் 3, 4, 5ஐ உள் ஜோனா புரோகிராம் பண்ணியாச்சு: முன்கதவு வழியா வந்தா ஹால் சென்சர் 30 செகண்ட் காத்திருக்கும், வேற வழியா வந்தா உடனே அடிக்கும். ராத்திரி வீட்டுல இருக்கும்போது போடற 'ஸ்டே'ல மூணும் ஒதுங்கிக்கும், அம்மா தண்ணி குடிக்க எறங்கினா பிரச்சன இல்ல. பின்வாசலுக்கும் ஒரு காந்தம் வாங்கி ஜோன் 6ல போட்டுட்டேன்.

தம்பிய திரும்ப பின்வாசல் வழியா அனுப்பினேன், ரெண்டு அடி வைக்கல, அடிச்ச அடியில சாவிய கீழ போட்டுட்டான்.


கெப்போங் மச்சான் | ஞாயிறு, இரவு 9.20

சரி சரி ஒத்துக்கறேன், வயர் வாழ்க.


செந்தூல்காரன் | சனி, காலை 10.10

திரும்ப வந்துட்டேன், மன்னிச்சிடுங்க. நேத்து வெள்ளிக்கெழம, எல்லாரும் கோயிலுக்குப் போனோம், 7.40க்கு அலாரம் அடிச்சிருக்கு, ஜோன் 3, ஹால். வீட்டுல யாரும் இல்ல, எதுவும் தொறக்கல. போன வெள்ளியும் இதே நேரம் அடிச்சிருக்குமோ என்னவோ, அப்ப தான் வேலையே செய்யலயே. பல்லியா?


அம்பாங் அக்கா | சனி, காலை 10.45

பல்லி பெரிய சந்தேகம் தான். லென்ஸ் மேலயே ஊந்து போனா, தூரத்துல மனுஷன் நடந்த மாதிரி தான் அதுக்குத் தெரியும். எங்க வீட்டுல எறும்பு, கேபிள் ஓட்ட வழியா உள்ள போய் குடும்பம் நடத்துச்சு. சிலிக்கான் வெச்சு ஓட்டைய அடைச்சேன், நின்னுடுச்சு. பல்லி தலையில விழுந்தா என்ன பலன், தோள்ல விழுந்தா என்ன பலன்னு பஞ்சாங்கத்துல எல்லாம் இருக்கு, சென்சர்ல விழுந்தா மட்டும் போடல.

ஆனா வெள்ளிக்கெழம மட்டும்ங்கறது இடிக்குதே தம்பி. பல்லிக்கு கெழம தெரியாது. வெள்ளிக்கெழம வீட்டுல வேற என்ன செய்வீங்க?


செந்தூல்காரன் | சனி, காலை 10.52

அம்மா சாமி மேடையில அஞ்சு முக வெளக்கு ஏத்திட்டு வருவாங்க. ஹால் சென்சர் நேர் எதிர இருக்கு...


சோல்டர் தம்பி | சனி, காலை 11.30

கண்டுபிடிச்சாச்சு. ஃபேனும் சுத்திட்டு இருந்துச்சா?

இந்த சென்சர் எதையும் வெளிய அனுப்பறது இல்ல, வர்ற சூட்ட மட்டும் பாக்கும். முன்னாடி இருக்கற பிளாஸ்டிக் லென்ஸ் ரூம விசிறி மாதிரி பட்ட பட்டையா பிரிக்கும், உள்ள இருக்கற, சூட்ட உணர்ற துண்டு ரெண்டு பாதியா இருக்கும். ரெண்டு பாதிக்கும் ஒரே மாதிரி சூடு ஏறினா கண்டுக்காது, ஒரு பாதியில மட்டும் சட்டுனு மாறினா ஆள்னு நெனைக்கும். அதனால தான் குறுக்க நடந்தா சீக்கிரம் புடிக்கும், நேரா அத நோக்கி நடந்து வந்தா லேட்டாகும். தீபம் சும்மா நேரா எரிஞ்சா பெருசா ஒண்ணும் ஆகாது, ஃபேன் காத்துல ஆடும்போது சுடர் அசையும், சூடான காத்து அசையும், அதுக்கு அது ஆள் தான். வெயில் நேரா விழற எடம், ஏர்கான் வாய்க்கு நேர் எதிர், ஆடற திரைச்சீல எல்லாம் இதே கத தான்.

இன்னொரு பக்கமும் இருக்கு. மதியம் ரூம் 34, 35 டிகிரி போச்சுன்னா செவுத்து சூடும் மனுஷன் தோல் சூடும் கிட்டத்தட்ட ஒண்ணாயிடும், அப்ப உண்மையான ஆள் வந்தாலும் மந்தமாத் தான் புடிக்கும். நல்ல சென்சர்ல அதுக்கு ஈடு கட்டற சர்க்யூட் இருக்கும். துத்தநாகக் கூர போட்ட கிச்சனா இருந்தா மைக்ரோவேவ் அலையிலயும் பாக்கற ரெட்ட சென்சர் யோசிக்கலாம், ரெண்டும் ஒத்துக்கிட்டா தான் அடிக்கும். அதுல மைக்ரோவேவ் தூரத்த கொறச்சு வைக்கணும், கண்ணாடி வழியா ரோட்டையும் பாக்கும்.


ஜெலுத்தோங் வயர்மேன் | சனி, மதியம் 12.15

தம்பி, அலாரத்த விடு. ஆள் இல்லாத வீட்டுல வெளக்க எரிய விட்டு ஃபேனையும் போட்டுட்டுப் போறியே, திரைச்சீல பக்கத்துல இருந்தா என்ன ஆகும்? திருடன் வந்தா டிவி போகும், இது வந்தா வீடே போகும். அம்மாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லு.


செந்தூல்காரன் | ஞாயிறு, மாலை 5.50

டெஸ்ட் பண்ணினேன். சென்சருக்கு கீழ செவுத்தோட ஒட்டி அசையாம உக்காந்து பாத்தேன், வெளக்கு எரியுது, ஃபேன் இல்ல: அர மணி நேரம் லைட் மின்னவே இல்ல. ஃபேன் போட்டேன், பத்து நிமிஷத்துல மூணு தடவ மின்னிடுச்சு. சோல்டர் தம்பி சொன்னது அச்சு அசல்.

அம்மாகிட்ட பேசினேன். "சாமிய நகத்த முடியாது, உன் சென்சர நகத்து"ன்னுட்டாங்க. வெளக்கு விஷயத்துல மட்டும் வயர்மேன் அண்ணன் பேர சொன்னதும் எறங்கி வந்தாங்க, இனிமே கெளம்பும்போது பூவால வெளக்க குளுத்திட்டு வருவாங்களாம். நானும் சென்சர சாமி மேடைக்கு மேல இருக்கற மூலைக்கு மாத்திட்டேன், தரையில இருந்து 2.2 மீட்டர், இப்ப அது வெளக்கப் பாக்காது, கிச்சன்ல இருந்து படிக்குப் போறவன் குறுக்க நடந்தே ஆகணும். வேல முடிஞ்சதும் மூணு சென்சர்லயும் உள்ள இருக்கற ஜம்பர்ங்கற குட்டி இணைப்ப எடுத்து செவப்பு லைட்ட ஆஃப் பண்ணிட்டேன், விருந்தாளியா வர்றவன் கைய ஆட்டி எதுவரைக்கும் பாக்குதுன்னு கண்டுபிடிக்க வேணாம்.


அம்பாங் அக்கா | ஞாயிறு, மாலை 6.20

லைட்ட ஆஃப் பண்ணினது நல்ல வேல. ஆனா மாசம் ஒரு தடவ கீபேட்ல வாக் டெஸ்ட் போட்டு மூணையும் நடந்து பாரு, லைட்ட பாக்காத, கீபேட் சத்தத்தக் கேளு.


நைட்ஷிப்ட் ராஜா | திங்கள், காலை 9.15

பேட்டரி கழட்டிப் பாத்தேன், ஸ்டிக்கர்ல 2016ன்னு போட்டிருக்கு, பக்கமெல்லாம் உப்பிப் போய் பெட்டிக்குள்ள இருந்து வெளிய வர மாட்டேங்குது.


ஜெலுத்தோங் வயர்மேன் | திங்கள், காலை 9.40

வர்ற ஞாயிறு பட்டர்வொர்த் பக்கம் வர்றேன், நோண்டாம விட்டு வை. ஸ்க்ரூட்ரைவர் போட்டு நெம்பாத.


செந்தூல்காரன் | திங்கள், இரவு 10.30

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. 5.6 கிலோ ஓம் ரெசிஸ்டர் 100ல பின்வாசலுக்கு ஒண்ணு, சென்சருக்கு மூணு போக 96 இருக்கு, பழைய பெட்டியில இருந்து எடுத்ததையும் சேத்தா 97. செந்தூல் பக்கம் வர்றவங்க யாருக்காச்சும் வேணும்னா சொல்லுங்க, காசு வேணாம்.


கெப்போங் மச்சான் | திங்கள், இரவு 10.41

மைலோ உண்டா?